கடனட்டையும் செலவின் அந்தரங்கமும்: மலையகத்தில் இருப்பவர் எதைத் தெரிவு செய்வது?

ஆசிரியர் நியமனம் கிடைத்த இரண்டாவது வருடத்தில் நான் எடுத்த முதல் கடனட்டையின் மாதக் கணக்கறிக்கை, இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அப்பால் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஆபீசுக்குத்தான் வந்து சேர்ந்தது. லயத்துக்கென, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கென, தனி இலக்கம் இல்லாத இடத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் சேர்ந்ததே முகவரி என்பதால், தபால் முதலில் ஆபீசுக்குப் போய், அங்கே மேசையில் இரண்டு மூன்று நாட்கள் கிடந்து, பிறகு அந்தப் பக்கமாக வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பப்படும். எனக்குக் கிடைத்த உறையின் ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே இருந்த தாளில், கண்டியில் நான் போய் வந்த மருத்துவமனையின் பெயரும் திகதியும் தொகையும் அச்சாகியிருந்தன. அதே வாரத்தில் வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, "என்ன டீச்சர், கண்டிக்குப் போய்ட்டு வந்தீங்களாமே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பயணத்தை நான் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

செலவின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் கடனட்டை எது என்று யாராவது கேட்டால், யாரிடமிருந்து பாதுகாக்க வேண்டும் என்ற கேள்வியை நான் முதலில் திருப்பிக் கேட்பதற்கு இதுதான் காரணம். இந்த விடயம் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை, வெகு தொலைவில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் நமது தரவுகளைத் திரட்டி விற்பதைப் பற்றியே பேசுகின்றன. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மஸ்கெலியாவிலோ வாழும் ஒருவருக்கு, குறிப்பாகச் சொந்தமாகச் சம்பாதிக்கும் ஒரு பெண்ணுக்கு, அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் கண்கள் பல உள்ளன. வீட்டார், வேலைத்தளம், கடைக்காரர், தபால் கைமாறும் வழியில் இருப்பவர்கள் ஆகியோரே நமது அன்றாடத்தை உடனடியாகப் பாதிக்கக்கூடியவர்கள். ஆகவே ஒவ்வொரு தெரிவையும் இந்த இரண்டு வட்டங்களையும் வைத்து எடைபோடுவதே சரியென நினைக்கிறேன்.

முதலில், அட்டையைக் கடையில் கொடுத்ததும் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். நுவரெலியாவில் ஒரு பாமசியில் மருந்து வாங்கி அட்டையால் பணம் செலுத்தினால், அந்தத் தகவல் கடையின் இயந்திரத்திலிருந்து கடைக்காரரின் வங்கிக்கும், அங்கிருந்து விசா அல்லது மாஸ்டர்காட் வலையமைப்புக்கும், அதன் வழியாக அட்டையை வழங்கிய நமது வங்கிக்கும் செல்கிறது. இப்படிச் செல்வதில் தொகை, திகதி, நேரம், கடையின் பெயர், ஊர் ஆகியவற்றுடன், அது எவ்வகைக் கடை என்பதைக் காட்டும் நான்கு இலக்கக் குறியீடும் இருக்கும். பாமசிக்கு 5912, மருத்துவமனைக்கு 8062, பலசரக்குக் கடைக்கு 5411 என்று உலகம் முழுவதும் ஒரே குறியீடுகள்தான். எந்த மருந்து, எத்தனை வில்லை என்பது சாதாரணமாக வங்கிக்குப் போவதில்லை. ஆனால் கடையின் பெயரே கதையின் பாதியைச் சொல்லிவிடும் இடங்கள் உண்டு என்பதை என் அனுபவத்தில் கண்டேன்.

பெயரை நீக்கிவிட்டால் தரவு பாதுகாப்பானதாகிவிடும் என்று நம்புவதும் சரியல்ல. 2015ஆம் ஆண்டு சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, 11 இலட்சம் பேரின் மூன்று மாதக் கடனட்டைப் பதிவுகளைப் பெயரின்றி எடுத்துப் பார்த்தது. ஒருவர் எந்த நாளில் எந்தக் கடையில் இருந்தார் என்ற விபரம் வெறும் நான்கு தடவைக்குத் தெரிந்தாலே, 90 வீதமானோரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துக் காட்ட முடிந்தது. ஆண்களைவிடப் பெண்களை அடையாளம் காண்பது எளிதாக இருந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. கடைகள் நிறைந்த ஒரு பெரிய நகரத்துடன் ஒப்பிட்டால், அட்டை ஏற்கும் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய நமது டவுன்களில் இந்த வேலைக்கு நான்கு தடவைகூடத் தேவைப்படாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனித் தெரிவுகளுக்கு வருவோம். காசு கொடுத்து வாங்குவதே மிகவும் அந்தரங்கமானது என்று பொதுவாகச் சொல்வார்கள். கையில் காசு இருக்கும் நாளில் அது உண்மை. ஆனால் மலையகத்தில் காசின் மறுபக்கம் கடைக் கொப்பி. சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் பலசரக்குக் கடையில் பற்று எழுதி வாங்கும் குடும்பங்களின் ஒவ்வொரு செலவும், பால்மா பைக்கற் முதல் காய்ச்சல் மருந்து வரை, அந்தக் கொப்பியில் வரிவரியாக இருக்கும். எந்த வங்கிக் கணக்கறிக்கையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதுவதில்லை. அதை வாசிப்பவரோ நமது பாட்டன் காலத்திலிருந்து நம்மை அறிந்தவர். நகை அடகு வைப்பதும் அப்படித்தான்: அடகுக் கடைக்குள் நுழைவதைக் கண்டவர்கள் நாம் வீடு திரும்புவதற்கு முன்னரே செய்தியைச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே, சிறிய தனிப்பட்ட செலவுகளுக்குக் காசு சிறந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கடனாக வாங்கவேண்டிய சமயத்தில் கொப்பியைவிட அட்டையே அந்தரங்கமானது என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

சேமிப்புக் கணக்கின் டெபிட் அட்டையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. கடன் சுமை இல்லாததால் பணரீதியாக அது பாதுகாப்பானது. ஆனால் கணக்குப் புத்தகம் வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் அலுமாரியில்தான் இருக்கும். அதைப் புதுப்பிக்கும்போது அட்டைச் செலவுகளும் அச்சாகிவிடும். சம்பளமும் செலவும் ஒரே தாளில் அருகருகே வருவதால், பார்ப்பவருக்குக் கணக்குப் போடுவதும் சுலபமாகிவிடுகிறது.

அதிகம் யோசிக்காமல் பலர் ஏற்றுக்கொள்வது மேலதிக அட்டை. கணவர், தந்தை அல்லது அண்ணன் பெயரில் இருக்கும் கடனட்டையுடன் இணைத்து, நமது பெயர் பொறித்த இரண்டாவது அட்டை ஒன்றை வங்கி தரும். தனி விண்ணப்பம், தனி வருமானச் சான்று எதுவும் தேவையில்லை. பல சமயம் வருடக் கட்டணமும் இல்லை. அன்பளிப்பைப் போலத்தான் அது கைக்கு வருகிறது. ஆனால் அந்த அட்டையால் செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் முதன்மை அட்டைதாரரின் கணக்கறிக்கையில் கடையின் பெயரோடு பதிவாகும். செலவை உடனே அறிவிக்கும் வங்கிக் குறுஞ்செய்தியும் பெரும்பாலும் அவருடைய கைத்தொலைபேசிக்கே போகும். நாம் பாமசியின் வாசலைத் தாண்டுவதற்குள், எங்கே எவ்வளவு செலவிட்டோம் என்பது கொழும்பில் வேலை செய்யும் அவருக்குத் தெரிந்துவிடும். செலவிடக்கூடிய எல்லையைக் குறைப்பதும் அட்டையை நிறுத்துவதும் அவர் கையில்தான்.

ஒளிவு மறைவில்லாத குடும்பத்தில் இதனால் என்ன குறை என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். நம்பிக்கை இருக்கும் வீட்டில் மேலதிக அட்டை வசதியானதுதான். ஆயினும், பெண்கள் மலையேறிக் கொழுந்து பறித்துச் சம்பாதித்த சம்பளத்தை வீட்டு ஆண்கள் போய் வாங்கிவரும் வழக்கம் நமது தோட்டங்களில் நீண்டகாலம் இருந்தது. அந்தச் சம்பளத்தில் தனக்கென ஐம்பது ரூபாவை முந்தானையில் முடிந்து வைத்த பாட்டிமாரின் பேத்திகள் நாம். தாய்வீட்டுக்குக் கொடுத்த பணம், குடும்பக் கட்டுப்பாட்டு மருந்து, வழக்கறிஞருக்குக் கட்டிய ஆலோசனைக் கட்டணம், யாரிடமும் சொல்லாமல் சேர்ந்த ஒரு பாடநெறி ஆகியவற்றில் எதுவுமே குற்றமல்ல. எப்போது, யாரிடம் சொல்வது என்பதைச் சம்பாதித்தவர் தீர்மானிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, சொந்த வருமானம் உள்ள பெண்ணுக்கு மேலதிக அட்டையை நான் பரிந்துரைப்பதில்லை.

தமது பெயரிலேயே எடுக்கும் வழமையான கடனட்டை சம்பளத்தை ஆதாரமாகக் கொண்டது. இதில் வீட்டாரின் கண் விலகுகிறது. அதற்குப் பதிலாக வேலைத்தளத்தின் கண் உள்ளே வருகிறது. சம்பளத் துண்டும் தொழில் வழங்குநரின் கடிதமும் கேட்கப்படும். விண்ணப்பத்தில் சொன்னவை உண்மைதானா என்று உறுதிப்படுத்த வங்கியிலிருந்து வேலைத்தளத்துக்குத் தொலைபேசி அழைப்பு வருவது வழக்கம். பாடசாலை அலுவலகத்திலோ தோட்ட ஆபீசிலோ அந்த அழைப்பை எடுப்பவர் ஒரு சக ஊழியர் என்பதை மறந்துவிடக் கூடாது. இதைவிடக் கவனமாகப் பார்க்கவேண்டிய இடம், நம்மோடு வசிக்காத ஓர் உறவினரின் பெயரையும் இலக்கத்தையும் கேட்கும் பகுதி. அதைப் பலர் யோசிக்காமல் நிரப்பிவிடுகிறார்கள். தவணை தவறி நம்மைத் தொடர்புகொள்ள முடியாத நாளில் அந்த இலக்கத்துக்கு அழைப்பு போகக்கூடும். ஆகவே, நமது கடன் விடயம் தெரிந்தாலும் அதை மனதோடு வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவரின் பெயரையே அங்கே எழுத வேண்டும்.

நிலையான வைப்பை ஈடாக வைத்துப் பெறும் கடனட்டையைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அந்தரங்கத்தை முதன்மையாகக் கருதுபவருக்கு மிகவும் ஏற்றது அதுவே என்பது என் முடிவு. வங்கியில் நாம் இட்டிருக்கும் நிலையான வைப்பின்மேல் வங்கி ஒரு பிடிமானத்தை வைத்துக்கொண்டு, அந்த வைப்பின் ஒரு பகுதியைக் கடன் எல்லையாக அனுமதிக்கும். கடனுக்கு வைப்பே ஈடு என்பதால் சம்பளத் துண்டுக்கும் வேலைத்தளக் கடிதத்துக்கும் வேலை குறைகிறது. வேலைத்தளத்துக்கு அழைப்பு வரவேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது. தையல் இயந்திரம் வைத்து உழைப்பவர், மரக்கறித் தோட்டம் செய்பவர், பகுதிநேர வகுப்பு நடத்துபவர் என, சம்பளத் துண்டே இல்லாத ஆனால் சேமிப்பு உள்ள நமது பெண்களுக்கும் இது திறந்திருக்கும் வழி. வைப்புக்கு வட்டியும் தொடர்ந்து சேரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வைப்பை நினைத்த நேரத்தில் உடைத்து எடுக்க முடியாது. அட்டைக் கடனைக் கட்டத் தவறினால் வங்கி அந்த வைப்பிலிருந்தே அறவிட்டுக்கொள்ளும். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தை இப்படி முடக்குவது எல்லோருக்கும் இயலுமானதல்ல. இருந்தாலும், ஒரு சிறிய வைப்பும் அதற்கேற்ற சிறிய எல்லையும் தனிப்பட்ட செலவுகளுக்குப் போதும். பெரிய எல்லை வேண்டுபவர் அதற்கெனச் சம்பள அட்டை ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கடனட்டையானாலும், கடையின் பெயர் பதிவாகக் கூடாதென்று ஏ.டி.எம். இயந்திரத்தில் அதைப் போட்டுக் காசாக எடுத்துச் செலவழிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அப்படி எடுக்கும் பணத்துக்குத் தனிக் கட்டணமும், எடுத்த நாளிலிருந்தே வட்டியும் விழும். அந்தரங்கத்துக்கு அவ்வளவு பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை.

பேரங்காடிகளோடு சேர்ந்து வெளியிடப்படும் அட்டைகளும், காசாளரிடம் சொல்லும் புள்ளித் திட்டங்களும் வேறு வகை. வங்கிக்குத் தெரியாத அந்தப் பொருட்பட்டியல், எந்தச் சவர்க்காரம், எந்தப் பத்தியப் பிஸ்கட், எத்தனை சுகாதாரத் துவாய் என்பது வரை, பேரங்காடியின் கணினியில் இருக்கிறது. புள்ளிகளுக்காக நமது கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கும்போது அந்தப் பட்டியலோடு நமது பெயரையும் நாமே இணைத்துவிடுகிறோம். அதுவும் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கேட்கும்படி இலக்கத்தை உரக்கச் சொல்லி. கிடைக்கும் விலைக்கழிவு பலருக்கு உதவியாக இருப்பதை நான் மறுக்கவில்லை. வீட்டுச் சாமான்களுக்குப் புள்ளியைப் பெற்றுக்கொண்டு, தனிப்பட்ட பொருட்களைத் தனிப் பற்றுச்சீட்டில் இலக்கம் சொல்லாமல் வாங்குவதே நான் கடைப்பிடிக்கும் முறை.

கைத்தொலைபேசி நிறுவனங்களின் பணப்பைச் சேவைகள் தோட்டங்களில் நன்கு வேரூன்றியவை. டயலொக்கின் ஈசி காஷ் 2012இல் வந்தது. அட்டை இயந்திரத்தைக் காணாத சந்திக் கடைகளுக்கும் இப்படியான சேவைகள் எட்டின. ஆனால் நாம் யாரோடு பேசுகிறோம், எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறோம் என்பதை அறிந்த நிறுவனமே செலவையும் அறிந்துகொள்கிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதைவிட நடைமுறைச் சிக்கல், நம்மில் பலரின் சிம் அட்டை அண்ணனின் அல்லது அப்பாவின் அடையாள அட்டையில் எடுக்கப்பட்டிருப்பதுதான். சட்டப்படி அந்த இலக்கத்துக்கு உரியவர் அவர். மாற்றுச் சிம் எடுக்கும் உரிமையும் அவருக்கே உண்டு. அந்த இலக்கத்துக்கு வரும் வங்கிக் குறுஞ்செய்திகளும் ஒருமுறைக் கடவுச்சொற்களும் அந்தச் சிம்மோடு போகும். இதைச் சரிசெய்யாமல் எந்த அட்டையை எடுத்தாலும் பயனில்லை.

முகநூலில் பொருள் விற்பவருக்கு வங்கி வைப்பாகப் பணம் அனுப்பி, அந்தச் சிட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பலரும் சாதாரணமாகச் செய்கிறோம். முன்பின் தெரியாத ஒருவருக்கு நமது பெயர், கணக்கிலக்கம், கைத்தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி அனைத்தையும் ஒரே உரையாடலில் ஒப்படைக்கும் வழி இது. நான் ஒப்பிட்டவற்றில் அந்தரங்கத்துக்கு மிகவும் பாதகமானது இதுவே.

வெளிநாட்டு விளம்பரங்களில் காணும் அட்டைகளைப் பற்றி மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அப்பிள் நிறுவனம் 2019இல் அமெரிக்காவில் வெளியிட்ட அட்டை, வாடிக்கையாளர் எங்கே என்ன வாங்கினார் என்பது தனக்குத் தெரியாது என்ற உறுதிமொழியோடு வந்தது. அந்த உறுதிமொழி அப்பிளைப் பற்றியது. அட்டையை வழங்கிய வங்கிக்கு அது தெரியத்தான் வேண்டும். தெரியாமல் கணக்கு எழுத முடியாது. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு தற்காலிக இலக்கம் தரும் சேவைகளும் அங்கே உண்டு. அவை கடைக்காரரிடமிருந்து நமது உண்மையான இலக்கத்தை மறைப்பதால் இணையக் கொள்வனவுக்கு நல்லவை. ஆனால் அமெரிக்க வங்கிக் கணக்கு இல்லாமல் அவற்றைப் பெற முடியாது. இணையத்துக்கென எல்லை குறைந்த தனி அட்டை ஒன்றை வைத்திருப்பதே நமக்கு எட்டக்கூடிய மாற்று வழி.

சட்டம் எவ்வளவு தூரம் நம்மோடு வரும் என்பதையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டம், வாடிக்கையாளரின் கணக்கு விபரங்களை இரகசியமாகப் பேணும் கடமையை வங்கி உத்தியோகத்தர்மீது சுமத்துகிறது. டவுன் கிளையில் இருப்பவர் நமது ஊர்க்காரர் என்பதற்காக அந்தக் கடமை தளராது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவைக் கேட்டுப் பார்க்கவும், பிழையைத் திருத்துவிக்கவும், கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் உரிமை தருகிறது. விளம்பரச் செய்திகளுக்குச் சம்மதம் வேண்டும் என்கிறது. மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கிறது. ஆனால் 2025 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் அப்போது பிற்போடப்பட்டன என்பதால், சட்டத்தை மட்டும் நம்பி விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களிலும் சரியடையாளம் போட்டுவிடக் கூடாது. சந்தைப்படுத்தலுக்காகத் தகவலைப் பகிரலாம் என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழில் தரும்படியோ விளக்கும்படியோ கேளுங்கள்; விளங்காத ஒன்றுக்குச் சம்மதிப்பது சம்மதமாகாது.

எந்த வகைக் கடனட்டையானாலும் கடன் தகவல் பணியகத்துக்கு, அதாவது நம்மவர்கள் கிரிப் என்று சொல்லும் நிறுவனத்துக்கு, அதன் விபரம் போகும். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தப் பணியகத்தின் அறிக்கையில் இருப்பது கடன் எவ்வளவு, தவணை தவறியதா என்பதுதான். எந்தக் கடையில் என்ன வாங்கினோம் என்பது அங்கே இல்லை. கிரிப்பில் பெயர் விழுந்துவிடும் என்ற பயத்தில் சொந்த அட்டையைத் தவிர்ப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் அடிக்கடி விளக்க நேர்கிறது. நேரத்துக்குக் கட்டுபவருக்கு அந்தப் பதிவு நன்மையே செய்யும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, என்னிடம் கேட்ட இரண்டு தங்கைமாருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் தமது சொந்த அடையாள அட்டையில் ஒரு சிம். அடுத்து, வேறு யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல். அதன்பிறகு, தமது பெயரில் ஒரு சிறிய நிலையான வைப்பும் அதை ஈடாக வைத்த கடனட்டையும். கணக்கறிக்கையைக் காகிதத்தில் வேண்டாம், மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்கள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அட்டையைத் தபாலில் அனுப்பாமல் கிளையிலேயே நேரில் பெற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் பூட்டிய திரையில் தெரியாதபடி தொலைபேசியை மாற்றிவைக்க வேண்டும். மேசையில் கிடக்கும் தொலைபேசியில் கடையின் பெயரும் தொகையும் ஒளிர்வதைத் தடுக்க அந்த ஒரு மாற்றம் போதும். வங்கியும் வலையமைப்பும் செலவை அறிந்தே தீரும். அதை எந்த அட்டையாலும் தடுக்க முடியாது. அவற்றுக்கும் தெரியக் கூடாத சில செலவுகளுக்காக, மாதத்தில் ஒரு சிறு தொகையைச் சேமிப்புக் கணக்கிலிருந்து காசாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். மூத்தவள் அப்படியே செய்தாள். இளையவள் வைப்பில் போடுவதற்குச் சீட்டு எடுக்கும்வரை காத்திருக்கிறாள்.

இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லிவைத்தேன். அட்டை காலாவதியாகும்போது வங்கி புதிய அட்டையைத் தானாகவே பதிவிலுள்ள முகவரிக்கு அனுப்பிவிடுவதுண்டு. ஆகவே அட்டையில் அச்சிட்டிருக்கும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னரே கிளைக்குப் போய், கடிதத் தொடர்பு முகவரியாக என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே இன்னமும் தோட்டத்தின் பெயர் இருந்தால், அன்றே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வரவேண்டும்.